பெயர் போடாத தாள்

காஞ்சிபுரம்
12-7-2023

பாலா,

நலமா என்று கேட்டால் இரண்டு பக்கத்துக்கு முதுகுவலியைப் பற்றி எழுதுவாய். அதனால் கேட்கவில்லை. நேற்று ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கு உன்னை அறிமுகப்படுத்தினேன். நாம் பி.எட். படித்தபோது நீ எழுதிய 'சாவி'யைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன்.

சாவி என் கையில்
பூட்டு கதவில்
உள்ளே போகத்தான்
இன்னும் மனம் வரவில்லை

இருபது வருஷம் ஆகியும் நன்றாகத்தான் இருக்கிறது. இதற்காகத் தலைக்கனம் பிடித்து அலையாதே.

செவ்வாய்க்கிழமை கடைசி பீரியட் எந்த வாத்தியாருக்கும் வேண்டாத பீரியட். பிள்ளைகளுக்குப் பாதி தூக்கம், பாதி பஸ் நினைப்பு. அதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு சின்னக் கவிதை, அதிலிருந்து ஒரு கேள்வி, ஏழு நிமிடம் எழுத்து. நேற்றைய கேள்வி, 'உன் வீட்டுக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது என்ன?' எழுதியதை அழிக்கக்கூடாது. பார்க்காததை எழுதக்கூடாது. தாளில் பெயர் போடக்கூடாது. இந்தக் கடைசி விதிதான் எனக்குப் பெருமை. பெயர் போடச் சொன்னால் பரீட்சை என்று பயந்து கட்டுரை நோட்டில் இருப்பதை ஒப்பிக்கிறார்கள். பெயர் வேண்டாம் என்றதும் வீட்டைப் பற்றி எழுத ஆரம்பிக்கிறார்கள்.

தலைமை ஆசிரியர் திருஞானசம்பந்தம் சார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இது சிலபஸ்ல இருக்குதா மிஸ்?" என்றார். "இல்ல சார், பசங்ககிட்ட இருக்குது" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

மொத்தம் நாற்பத்தொரு தாள். ஜெராக்ஸ் எடுத்தால் அந்தப் பென்சில் அழுத்தம், அடித்தல் திருத்தல் எல்லாம் செத்துப்போகும். அதனால் அசலையே உனக்கு அனுப்புகிறேன். ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் தேதி போட்டிருக்கிறேன். ஒரு தாளின் ஓரத்தை மட்டும் மடித்து வைத்திருக்கிறேன். சிம்ரன் எழுதியது. பெயர் இல்லாவிட்டாலும் அவள் கையெழுத்து எனக்குத் தெரியும். முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். அவள் அம்மா ரேணுகாம்பாள் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில், வாடிக்கையாளர்கள் பிரித்துப்போட்ட புடவைகளைத் திரும்ப மடித்து வைக்கிற வேலை செய்கிறாள். சிம்ரன் எழுதியிருப்பதில் இந்த இடத்தைப் பார்.

'கதவைத் திறந்தால் அம்மாவின் போர்வை கிடக்கும். அம்மா பகல் முழுக்க அடுத்தவர்கள் பிரித்ததை மடிக்கிறார்கள். வீட்டில் போர்வையை மட்டும் மடிக்க மாட்டார்கள். நான் மடித்தால் திட்டுவார்கள். ஒண்ணாவது பிரிஞ்சே கெடக்கட்டும்டி என்று சொல்வார்கள்.'

பதிமூன்று வயது, பாலா. படித்துவிட்டு மேஜைமேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். நீயும் படித்துவிட்டு எழுது.

எஸ்தர்

*

கோயம்புத்தூர்
22-7-2023

அன்புள்ள எஸ்தர்,

கட்டு வந்தது. நூலகத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நாற்பத்தொன்றையும் படித்தேன். இந்தக் கல்லூரிக்கு வந்து ஒன்பது வருஷத்தில் இங்கே நான் படித்த நல்ல விஷயம் இதுதான். ஒரு பையன் கதவைத் திறந்ததும் ஆடு முறைக்கிறது என்று எழுதியிருக்கிறானே, வாய்விட்டுச் சிரித்தேன்.

ஓரம் மடித்த தாளைப் பற்றி என்ன சொல்வது. நான்கு நாளாக அது என்கூடவே வருகிறது. பஸ்ஸில் வருகிறது, சாப்பிடும்போது வருகிறது. பொறாமையாக இருக்கிறது எஸ்தர், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. இரண்டு வருஷமாக நான் உருப்படியாக ஒரு வரி எழுதவில்லை. பதிப்பாளர் தொகுப்பு எங்கே, தொகுப்பு எங்கே என்கிறார். அவரிடம் சொல்ல என்னிடம் பொய்கூடத் தீர்ந்துவிட்டது. உன் வகுப்பில் ஒரு பெண் ஏழு நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போகிறாள்.

தாள்களைத் திருப்பி அனுப்பச் சொல்லாதே. கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும். அம்மா உன்னை விசாரித்தாள்.

பாலா

*

காஞ்சிபுரம்
19-1-2024

திரு. சிவபாலன் அவர்களுக்கு,

ஆறு முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. கடிதத்தைப் பிரிக்காமல் இருக்க மாட்டீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன்.

செப்டம்பரில் ஓர் இலக்கிய அறக்கட்டளை பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்துப் போட்டி வைத்தது. சிம்ரனை அனுப்பச் சொன்னவள் நான். அவள் ஏழு நிமிடத்தில் எழுதியதை இரண்டு பக்கமாக வளர்த்து, மூன்று முறை திருத்தி எழுதி அனுப்பினாள். ஜனவரி ஐந்தாம் தேதி பள்ளிக்குப் பதில் வந்தது. பரிசு இல்லை. 'கவிஞர் சிவபாலன் நவம்பர் மாத இதழில் எழுதிய கவிதையிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டுள்ளது, மாணவியைக் கண்டிக்கவும்' என்று எழுதி, உங்கள் கவிதையின் நகலையும் இணைத்திருந்தார்கள். அவள் செப்டம்பரில் அனுப்பியதை நவம்பரில் வந்ததிலிருந்து எப்படி எடுப்பாள் என்று நான் பின்னால் கேட்டேன். கவிதை அதற்கு முன்பே உங்கள் வாசகர்கள் மத்தியில் இருந்திருக்கும் என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

எட்டாம் தேதி திங்கட்கிழமை. காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில், அறுநூறு பிள்ளைகளுக்கு முன்னால், திருஞானசம்பந்தம் சார் அந்தக் கடிதத்தை வாசித்தார். சிம்ரனை மேடைக்குக் கூப்பிட்டு நிற்க வைத்தார். அன்று மத்தியானத்துக்குள் அவளுக்குக் 'காப்பி சிம்ரன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். நகலில் உங்கள் பெயரைப் பார்த்ததும், கவிதையை நிதானமாகப் படிக்காமலே, நான் வகுப்புக்குக் கொண்டுபோகிற உங்கள் பழைய கவிதைகளில் ஒன்றைத்தான் அவள் எடுத்துவிட்டாள் என்று நானும் நினைத்தேன். "ஏம்மா இப்படிப் பண்ணின?" என்று நானே கேட்டேன். அவள் அழவில்லை. "மிஸ், நான் காப்பி அடிக்கல மிஸ். அந்த சார்தான் எங்க வூட்டாண்ட நின்னு பாத்துக்கினு எழுதினா மாதிரி இருக்குது" என்றாள். அப்போதுதான் எனக்கு ஓரம் மடித்த தாள் ஞாபகம் வந்தது. நகலை மறுபடி படித்தேன். பட்டுக்கடையைத் தறி என்று மாற்றியிருக்கிறீர்கள். மகள் மகனாகிவிட்டாள். 'கெடக்கட்டும்டி' என்பது 'கெடக்கட்டும்டா' ஆகிவிட்டது. மற்றபடி எல்லாம் அவள் எழுதியது.

தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். "ப்ரூஃப் இருக்குதா மிஸ்? உங்க ஃப்ரெண்டு கவிதையத்தான நீங்க போர்டுல எழுதுறீங்க? அதப் பாத்துதான் எழுதியிருக்கும்" என்றார். என்னிடம் என்ன இருக்கிறது காட்ட? பெயர் போடாதே என்று சொன்னவளும் நான். அசலைத் தூக்கி உங்களுக்கு அனுப்பியவளும் நான்.

இரண்டு காரியம் செய்யுங்கள். சிவப்பு மையில் தேதி போட்ட அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். அந்த வரிகள் சிம்ரனுடையவை என்று அறக்கட்டளைக்கு எழுதுங்கள்.

எஸ்தர்

*

கோயம்புத்தூர்
29-1-2024

எஸ்தர்,

'அவர்களுக்கு' என்று எழுதினால் எனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறாய். வலித்தது.

அந்தப் பெண்ணுக்கு நடந்தது அநியாயம். அதைச் செய்தது உன் தலைமை ஆசிரியர், நான் இல்லை. கோபத்தை ஆள் மாற்றிக் காட்டுகிறாய்.

நிதானமாக யோசித்துப் பார். அந்த வரி அவள் எழுதியதா? அவள் அம்மா சொன்னது. அந்த அம்மா யாரிடம் கேட்டாளோ. நெசவுத் தெருவில் எத்தனை பெண்கள் அலுத்துப்போய் இப்படிச் சொல்லியிருப்பார்கள். என் அம்மாவும் சொல்லியிருக்கிறாள். வீட்டில் பேசுகிற பேச்சுக்கு யாரும் பட்டா வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. அவள் எழுதியது ஒரு தகவல். அதை எங்கே உடைப்பது, எங்கே நிறுத்துவது, எதைச் சொல்லாமல் விடுவது என்று தீர்மானித்தவன் நான். அதற்கு எனக்கு இரண்டு மாதம் ஆனது. நீயும் தமிழ் படித்தவள்தானே.

என் கவிதையை வைத்து உன் பிள்ளைகள் எழுதலாம், அவர்கள் எழுதியதை வைத்து நான் எழுதக்கூடாது என்றால் அது என்ன நியாயம்? இருபது வருஷமாக என் கவிதைகளை நீ இலவசமாகத்தானே வகுப்பில் பயன்படுத்துகிறாய், நான் ஏதாவது கேட்டேனா?

தாள்கள் வீடு மாற்றும்போது எங்கோ போய்விட்டன. தேடிப் பார்க்கிறேன்.

சிவபாலன்

*

காஞ்சிபுரம்
5-2-2024

சிவபாலன்,

என் பிள்ளைகள் உன் கவிதையை வைத்து எழுதினார்கள். எழுதிவிட்டு 'சாவி'யை நாங்கள்தான் எழுதினோம் என்று எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. அது ஒன்றுதான் வித்தியாசம். உனக்குப் புரியாமல் இல்லை.

உன் அம்மாவும் சொல்லியிருக்கிறாளா? துர்காதேவி அம்மாவை எனக்குத் தெரியாதா? பி.எட். இரண்டாம் பருவத்தில் குறிப்பு எடுக்க உன் வீட்டுக்கு வந்தேன். தறி ஓரத்தில் கழித்துப் போட்ட துணியைக்கூட அவர் நான்காக மடித்து வைத்திருந்தார். எனக்கு ஜமக்காளம் விரித்தார், சாப்பாடும் போட்டார், குறை சொல்ல மாட்டேன். மறுநாள் மறந்துவிட்ட நோட்டை எடுக்க வந்தபோது அந்த ஜமக்காளம் கொடியில் தொங்கியது, சொட்டச் சொட்ட. முந்தின நாள்தான் துவைத்து எடுத்த ஜமக்காளம் என்று விரிக்கும்போது அவரே சொல்லியிருந்தார். நீ பார்த்தாய், நான் பார்த்ததையும் பார்த்தாய். இத்தனை வருஷம் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை. காய்ந்ததும் அந்த ஜமக்காளத்தையும் மடித்துத்தான் வைத்திருப்பார். எதையும் பிரிந்து கிடக்க விடுகிற ஆள் இல்லை உன் அம்மா.

எனவே அந்தப் போர்வை உன் வீட்டில் கிடந்தது இல்லை. முசரவாக்கத்தில் கிடந்தது.

ரேணுகாம்பாள் போன வாரம் பள்ளிக்கு வந்தாள். கடையில் அரை நாள் லீவு கேட்டு வந்திருக்கிறாள். உன் கவிதையைப் படித்துக் காட்டச் சொன்னாள், காட்டினேன். பிறகு, "நான் வூட்ல சொன்னது இவருக்கு எப்படி மிஸ் தெரிஞ்சுது?" என்று கேட்டாள். நான் அனுப்பினேன் என்று சொன்னேன். "பாப்பா உங்கள நம்பித்தான எழுதுச்சு" என்றாள். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

சிம்ரனுக்கு இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை தோறும் வயிற்றுவலி வந்துவிடுகிறது. திங்கள், புதன் வருகிறாள். பத்தாவதோடு நின்றுகொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அவள் பொய்க்காரி இல்லை என்று அவளுக்கும் அந்தப் பள்ளிக்கும் காட்ட எனக்கு அந்தத் தாள் வேண்டும். தேடு.

எஸ்தர்

*

கோயம்புத்தூர்
20-2-2024

எஸ்தர்,

ஜமக்காள விஷயத்தை எழுதியிருக்க வேண்டாம். எனக்கு அது மறந்ததே இல்லை.

நடந்ததை விடு. ஒரு யோசனை சொல்கிறேன், கோபப்படாமல் படி. மார்ச் பத்தாம் தேதி தொகுப்பு வெளியாகிறது. 'பிரிந்தே கிடக்கட்டும்' என்பதுதான் தலைப்பு. இனி மாற்ற முடியாது, அட்டை அச்சாகிவிட்டது. ஆனால் முதல் பக்கத்தில் ஒரு சமர்ப்பணம் சேர்க்கலாம் என்று பதிப்பாளரிடம் கெஞ்சி ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். 'பெயர் தெரியாத ஒரு காஞ்சிபுரம் சிறுமிக்கு' என்று வரும். நானே ஒரு நாள் பள்ளிக்கு வருகிறேன். பிள்ளைகளோடு பேசுகிறேன், நூலகத்துக்குப் பத்துப் பிரதி தருகிறேன், அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாராட்டுகிறேன். அவளுக்கும் மரியாதை, எனக்கும் சங்கடம் இல்லை.

அறக்கட்டளைக்கு எழுதுவது மட்டும் இப்போது முடியாது. வெளியீட்டுக்குத் தலைமை தாங்குவதே அவர்கள்தான். உனக்கு நிலைமை புரியும் என்று நம்புகிறேன். முன்னோட்டப் பிரதி ஒன்றைக் கையெழுத்திட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பாலா

*

காஞ்சிபுரம்
26-2-2024

பெயர் தெரியும். சிம்ரன். தகப்பன் பெயர் முனிசாமி. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, வருகை எண் முப்பத்து நான்கு. பெயர் தெரியாத சிறுமிக்கு என்று நீ அச்சடித்தால், திருடியதோடு நிற்காமல் அவளை அனாதையாகவும் ஆக்குகிறாய்.

பள்ளிக்கு வராதே. பிரதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போட்ட பக்கத்தைக் கிழிக்கவில்லை, அது உன் சொத்து.

எஸ்தர்

*

கோயம்புத்தூர்
18-3-2024

எஸ்தர்,

தாள் இத்துடன் இருக்கிறது. தொலையவில்லை. என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது, எப்போதும் அங்கேதான் இருந்தது. வீடு மாற்றினேன் என்றதும் பொய்.

வெளியீட்டுக்கு அம்மாவை அழைத்துப்போய் முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தேன். தலைப்புக் கவிதையை மேடையில் வாசித்தேன். நல்ல கைதட்டல். ஒரு பெண் எழுந்து, "உங்கள் அம்மா இப்போதும் போர்வையை மடிப்பதில்லையா?" என்று கேட்டாள். "இல்லை, இன்னும் அப்படியேதான்" என்றேன். சிரித்தார்கள், மறுபடி தட்டினார்கள். அம்மா அசையவே இல்லை.

ஆட்டோவில் வரும்போது கேட்டாள். "ஏம்பா, நான் எப்போப்பா மடிக்காம போட்டேன்? அத்தினி பேர் முன்னால என்ன சோம்பேறியாக்கிட்டியே. எவ வூட்டுக் கதைய எடுத்து என் தலைல கட்டின?" வீட்டுக்கு வந்ததும் என் அறைக்குள் போய், காலையில் நான் போட்டுவிட்டுப் போன போர்வையை உதறி மடித்து வைத்தாள். அன்றிலிருந்து எட்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை.

அறக்கட்டளைக்கு எழுதிவிட்டேன். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், படித்துக்கொள். வரிகள் அவளுடையவை, ஜூலையிலேயே எழுதியவை, என் கைக்கு வந்த பிறகுதான் நான் எழுதினேன் என்று மூன்றையும் சொல்லியிருக்கிறேன். அடுத்த தொகுப்பு யாரும் போட மாட்டார்கள். போகட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பத்திரிகைகளுக்குப் போகாதே. அந்தப் பெண் ஏதாவது எழுதினால் எனக்கு ஒரு வரி சொல். அவள் எழுதுகிறாள் என்று தெரிந்தால் எனக்கு அது போதும்.

பாலா

*

காஞ்சிபுரம்
3-4-2024

பாலா,

தாள் வந்தது. நான் போட்ட சிவப்புத் தேதி அப்படியே இருக்கிறது. ஓர மடிப்பு மட்டும் நைந்துபோயிருக்கிறது. எத்தனை முறை பிரித்துப் பார்த்தாயோ.

பத்திரிகைக்கு நான் போகவில்லை. அது உனக்காக இல்லை. ரேணுகாம்பாள் வேண்டாம் என்றாள். கடைக்காரர்கள் படித்தால் மடிக்கிற வேலையை அலுப்பாகச் சொன்னாள் என்று நிறுத்திவிடுவார்களாம். நீயும் நானும் அதை யோசித்தோமா?

அறக்கட்டளை வருத்தம் தெரிவித்து எழுதியது, ஒரு ஆறுதல் பரிசுச் சான்றிதழும் அனுப்பியது. நான் அதைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசிக்கச் சொன்னேன். திருஞானசம்பந்தம் சார், "முடிஞ்சுபோன விஷயம் மிஸ். பரீட்சை வருது, பசங்க மனசக் கலைக்கக்கூடாது" என்றார். சிம்ரனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சான்றிதழைக் கொடுத்தார். அறுநூறு பேர் முன்னால் திருடி. நான்கு சுவருக்குள் நல்லவள். அவளை இன்னமும் காப்பி சிம்ரன் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தாளை நானே அவளிடம் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன். "பரவால்ல மிஸ்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்று செவ்வாய்க்கிழமை. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்தாள். பலகையில் ஒரு கவிதை எழுதினேன், உன்னுடையது இல்லை. 'இன்று உன்னிடம் யார் முதலில் பேசினார்கள்?' என்று கேள்வி கொடுத்தேன். பெயர் போடலாம், வேண்டாமென்றால் விடலாம் என்று விதியை மாற்றியிருந்தேன். ஏழு நிமிடம் ஆரம்பித்தது.

ஒரு நிமிடத்தில் சிம்ரன் எழுந்து என் மேஜைக்கு வந்தாள். தாளின் மேலே பெயர், அப்பா பெயர், வருகை எண், தேதி, நேரம், எல்லாம் எழுதியிருந்தாள். கீழே ஒரே ஒரு வரி. "மிஸ், இதுக்குக் கீழ கையெழுத்துப் போடுங்க" என்றாள். போட்டேன். போய் உட்கார்ந்து இன்னொரு வரி எழுதினாள். மறுபடி வந்தாள். மறுபடி போட்டேன். அவளைப் பார்த்து இளங்கோவன் எழுந்து வந்தான், பிறகு கிரேஸ், பிறகு பாதி வகுப்பு என் மேஜைக்கு முன்னால் வரிசையில் நின்றது. சிரிக்கவில்லை, விளையாடவில்லை. ரேஷன் கடையில் நிற்பதுபோல் தாளை மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மணி அடித்துவிட்டது.

போன ஜூலையில் இதே ஏழு நிமிடத்தில் அவள் பக்கத்தை நிரப்பியவள். நேற்று மூன்று வரி, மூன்று கையெழுத்து. கடைசிக் கையெழுத்தைப் போட்டதும் தாளை என்னிடம் தரவில்லை. நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அவள் எழுதினால் சொல் என்று கேட்டிருந்தாய். எழுதினாள். கையெழுத்துப் போடும்போது மூன்று வரியையும் நான் படித்தேன். நன்றாக இருந்தன. அவை என்ன என்று உனக்கு எழுதமாட்டேன்.

எஸ்தர்